இதழியல் பள்ளிகளின் கதையும், கோவைப் பக்கம் எதைப் பார்த்துச் சேர்வது என்பதும்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து பிளஸ் டூ முடித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பத்திரிகைத் தொழிலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது, அமெரிக்காவின் மிசௌரிதான் முதல் என்கிறார்களே அது உண்மையா, நம் பக்கம் அது எப்படி வந்தது, இங்கே சேர்ந்தால் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா என்பது கேள்வி. கூடவே அவருடைய மாமா, "நிருபர் வேலைக்கு எதுக்கு கண்ணு காலேஜு, ஆபீஸ்ல சேர்ந்தா தானா வந்துரும்" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். நான் நாளிதழ் மேசையில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது கல்லூரிகளில் வகுப்பெடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மாமா சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் பலர் சொன்னதும் அதுதான். அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, எழுத்துக் கோத்து, புரூஃப் பார்த்து, அப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடையாய் நடந்துதான் இந்த வேலை கைக்கு வரும், கரும்பலகையைப் பார்த்து வராது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, மிசௌரிப் பள்ளியை உருவாக்கியவரே அப்படி அச்சகத்தில் வளர்ந்தவர்தான். வால்டர் வில்லியம்ஸ் 1864-ல் பூன்வில் என்ற சிற்றூரில் பிறந்தார், கல்லூரியில் மாணவராகப் படித்ததே இல்லை, சிறுவயதிலேயே அச்சகத்துக்கு வேலைக்குப் போய், படிப்படியாக மேலே வந்து, கொலம்பியா என்ற ஊரில் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். (நியூயார்க்கில் இருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகம் வேறு, இந்த ஊர் வேறு. இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.) அந்த மாநிலத்துப் பத்திரிகைக்காரர்களின் சங்கம் இப்படி ஒரு பள்ளி வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் மிசௌரிப் பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டு, பட்டம் வாங்காத இந்த மனிதரையே டீனாகவும் போட்டது. பின்னால் 1931-ல் அவர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார்.

1908 செப்டம்பர் 14 அன்று வகுப்புகள் தொடங்கின. அதே நாளில் 'யுனிவர்சிட்டி மிசௌரியன்' என்ற பத்திரிகையின் முதல் இதழும் வெளிவந்தது. மிசௌரியின் கதையில் என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான விஷயம், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். பாடம் நடத்தி, தேர்வு வைத்து, மூன்றாம் வருடம் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை, முதல் நாளே பத்திரிகையை எடுத்து மாணவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். அது கல்லூரி ஆண்டு மலர் மாதிரியான ஒன்று அல்ல, ஊருக்கான செய்தித்தாள். மாணவர்கள் நிருபர்கள், ஆசிரியர்கள் அதே மேசையில் உட்கார்ந்து பிரதி திருத்துகிறவர்கள், படிப்பது ஊர்க்காரர்கள். பின்னால் 'கொலம்பியா மிசௌரியன்' என்று பெயர் மாறினாலும் அந்த முறை மாறவில்லை. 1953-ல் அதே யோசனையைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார்கள். கோமு என்ற பெயரில், என்பிசி வலையமைப்போடு இணைந்த, விளம்பரம் வாங்கி நடக்கும் முழு வணிக நிலையம் ஒன்றைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொண்டு அதில் மாணவர்களைப் பழக்கியது.

இதனால் என்ன வித்தியாசம் என்றால், வகுப்பில் கொடுத்த பயிற்சிக் கட்டுரையில் ஒருவருடைய பெயரைத் தப்பாக எழுதினால் அரை மார்க் போகும், அவ்வளவுதான். ஊர்ப் பத்திரிகையில் தப்பாக எழுதினால் அந்த ஆளே மறுநாள் காலையில் ஆபீஸ் படியேறி வருவார். நகராட்சிக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதைக் குத்துமதிப்பாக எழுதினால் சொன்னவரே போன் செய்வார். அந்தப் பயமும் பொறுப்பும் வந்த பிறகுதான் ஒரு மாணவர் குறிப்பேட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார். நான் பார்த்தவரை வேறு எந்த வழியிலும் அது வருவதில்லை.

சரி, மிசௌரிதான் முதலா? பத்திரிகைக்கென்றே ஒரு தனிப் பள்ளியைப் பல்கலைக்கழகம் நிறுவி, அதற்கென ஒரு பட்டமும் வழங்கியது என்று பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாரிஸில் 1899-லேயே ஓர் இதழியல் பள்ளி தொடங்கிவிட்டது, அவர்களும் தாங்கள்தான் முதல் என்பார்கள். அமெரிக்காவிலேயே, உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு ஜெனரல் ராபர்ட் லீ தான் தலைமை வகித்த வர்ஜீனியா கல்லூரியில் அச்சுத் தொழிலும் பத்திரிகையும் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு 1869-ல் உதவித்தொகை தர முயன்றிருக்கிறார். இன்னும் பின்னால் போனால் 1690-ல் ஜெர்மனியின் லைப்சிக்கில் டோபியாஸ் பாய்சர் என்பவர் செய்தி வெளியிடுவதைப் பற்றியே முனைவர் ஆய்வு சமர்ப்பித்திருக்கிறார். யார் முதல் என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை, யார் முதல் நாளே பத்திரிகை போட்டார்கள் என்பதில்தான் அக்கறை.

அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஜோசப் புலிட்சரின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது இன்னொரு வழி. அவர் 1892-லேயே நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திடம் பணம் தருகிறேன், இதழியல் பள்ளி தொடங்குங்கள் என்று கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். பிறகு இசைந்து, இழுத்தடித்து, அவர் 1911-ல் இறந்து, 1912-ல்தான் அந்தப் பள்ளி திறந்தது. அவர் கொடுத்தது 20 லட்சம் டாலர். பத்திரிகை ஆபீஸ் வியாபாரத்தையும் பாடமாக்கலாம் என்று ஹார்வர்டின் தலைவர் யோசனை சொன்னபோது புலிட்சர் ஏற்கவில்லை. விளம்பரமும் விற்பனையும் அங்கே வேண்டாம், வரலாறு, சட்டம், பொருளாதாரம், மொழி இவைதான் நிருபருக்கு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் பெயரில் உள்ள பரிசுகள் 1917-ல் தொடங்கின. 1935 முதல் அவர் பணத்தில் வந்த அந்தப் பள்ளி பட்ட மேற்படிப்புப் பள்ளியாக மட்டும் ஆனது.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு, நம் ஊர்ப் பாடத்திட்டத்தைப் புரிந்துகொள்ள அதுதான் அதிகம் உதவும். விஸ்கான்சினில் வில்லார்ட் ப்ளேயர் 1900-களின் தொடக்கத்தில் இதழியலைச் சமூக அறிவியலோடு சேர்த்துக் கற்பித்தார். அப்புறம் வில்பர் ஷ்ராம் முதலில் ஐயோவாவிலும் பிறகு இல்லினாயிலும் 'தொடர்பியல்' (கம்யூனிகேஷன்) என்பதையே ஓர் ஆய்வுத் துறையாக வளர்த்தார். அந்த ஷ்ராம் இடம்பெற்ற ஃபோர்டு அறக்கட்டளைக் குழு இந்தியாவுக்கு வந்து போன பிறகுதான் 1965-ல் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் உருவானது. நம் துறைகளின் பெயர்ப் பலகையில் இதழியல் சுருங்கித் தொடர்பியல் பெரிதானதும், முதல் பருவத்திலேயே அம்புக்குறி போட்ட தொடர்பு மாதிரிப் படங்களை மாணவர்கள் மனப்பாடம் செய்வதும் இந்த வழியில் வந்தவை. ஆய்வு செய்கிறவருக்கு அது தேவை. ஆனால் பதினெட்டு வயதில் ஒரு விபத்துச் செய்தியைப் பத்து வரியில் எழுதத் தெரியாத மாணவருக்கு அதை முதலில் கொடுப்பது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

மிசௌரியை நான் ரொம்பப் புகழ்ந்துவிட்டதால் அதன் பெரிய களங்கத்தையும் சொல்லியாக வேண்டும். லூசில் ப்ளூஃபோர்ட் என்ற கறுப்பினப் பெண் 1939-ல் அங்கே இதழியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர், 'கான்சாஸ் சிட்டி கால்' பத்திரிகையில் ஏற்கெனவே பொறுப்பான இடத்தில் இருந்தவர். தபாலில் வந்த விண்ணப்பத்தையும் மதிப்பெண்ணையும் பார்த்து இடம் கொடுத்துவிட்டார்கள். நேரில் போனதும் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் விடவில்லை, திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார், வழக்குப் போட்டார். 1941-ல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. கறுப்பினத்தவருக்கான லிங்கன் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இல்லையென்றால் மிசௌரி அவரைச் சேர்க்க வேண்டும் என்கிற நிலை வந்தபோது, போர்க்காலத்தில் மாணவர் குறைவு என்று காரணம் சொல்லி 1942-ல் முதுநிலைப் படிப்பையே மூடினார்கள். லிங்கன் பல்கலைக்கழகத்தில் அவசரமாக ஓர் இதழியல் பள்ளி திறந்தார்கள். பொதுமக்களின் நம்பிக்கையே பத்திரிகையின் அடிப்படை என்று உறுதிமொழி எழுதிய வில்லியம்ஸின் பள்ளி செய்த வேலை இது. ப்ளூஃபோர்ட் தன் பத்திரிகையிலேயே இருந்து அதன் ஆசிரியராகி, வாழ்நாள் முழுக்கச் சம உரிமைக்காக எழுதினார். 1989-ல் அதே மிசௌரிப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஐம்பது வருடம் கழித்து.

இதை ஏன் நம் பக்கத்துத் தம்பிக்கு இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், மாமா சொல்லும் 'ஆபீஸில் சேர்ந்தால் தானாக வரும்' என்பதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது: ஆபீஸில் யாரைச் சேர்ப்பார்கள்? நம் பத்திரிகை ஆபீஸ்களில் நிருபர் வேலை நெடுங்காலமாகத் தெரிந்தவர், சொந்தக்காரர், ஊர்க்காரர் என்றுதான் கை மாறி வந்திருக்கிறது. கொங்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கதவைத் தட்ட ஆள் கிடைக்காது. அரசு கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, யார் சிபாரிசும் இல்லாமல் விண்ணப்பம் போடலாம். டீக்கடையில் தனிக் குவளை வைத்திருப்பதைச் செய்தியாகப் பார்க்கிற கண் செய்தி அறைக்குள் வர வேண்டுமென்றால் அந்தக் கதவு திறந்திருந்தே ஆக வேண்டும். கல்லூரியில் இதழியல் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். பாடத்திட்டம் எவ்வளவு சுமாராக இருந்தாலும் இந்தக் காரணம் அப்படியே இருக்கும்.

இந்தியாவுக்கு வருவோம். 1920-ல் அன்னி பெசன்ட் அடையாறில் தன் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அவரிடம் 'நியூ இந்தியா' நாளிதழ் கையிலிருந்ததால் மாணவர்கள் அங்கேயே பழக முடிந்தது. சில வருடத்தில் அது நின்றுபோனது. 1938-ல் அலிகரில் தொடங்கியதும் நீடிக்கவில்லை. நிலைத்து நின்ற முதல் துறை 1941-ல் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில், பிருத்விபால் சிங் தொடங்கியது. அவர் மிசௌரியில் படித்தவர். நாடு பிரிந்தபோது அந்தத் துறை டெல்லிக்கு வந்து, பிறகு 1962-ல் சண்டிகருக்குப் போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947, கல்கத்தாவில் 1950, மைசூர் மகாராஜா கல்லூரியில் 1951, நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் 1952, உஸ்மானியாவில் 1954 என்று வரிசையாக வந்தன. மைசூரில் தொடங்கிய நாடிக் கிருஷ்ணமூர்த்தியும் மிசௌரியில் படித்தவர்தான்.

ஆக மிசௌரியின் மாணவர்கள் வந்தார்கள், பாடப்புத்தகம் வந்தது. பத்திரிகை மட்டும் வரவில்லை. நம் பல்கலைக்கழகங்கள் தேர்வு நடத்துவதையே மையமாக வைத்து அமைந்தவை, தினமும் ஒரு தாளை அச்சடித்து ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுத்து அதற்கு வரும் திட்டையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அவற்றுக்குள் கிடையாது. அச்சகம், காகிதம், விநியோகம், வழக்கு வந்தால் யார் பொறுப்பு, ஒரு அமைச்சரைப் பற்றி மாணவர் எழுதினால் துணைவேந்தர் என்ன செய்வார் என்று ஆயிரம் தயக்கம். கடைசியில் 'பயிற்சி இதழ்' என்ற ஒன்று மிஞ்சியது. பருவத்துக்கு ஒரு தடவை, மதிப்பெண்ணுக்காக, நாலு பக்கம் அடித்து, துறைக்குள்ளேயே விநியோகித்து முடிந்துவிடுகிறது. அதைப் படிக்கும் வாசகர் மதிப்பெண் போடும் ஆசிரியர் ஒருவர்தான்.

கொங்கு நாட்டுக்கு இது இன்னும் தாமதமாக வந்தது. வெகுகாலம் நம் கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான், இதழியல் படிக்க வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் ரயிலேற வேண்டும். 1982-ல் பாரதியார் பல்கலைக்கழகம் தனியாக வந்தது, 1997-ல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. இரண்டிலும் இன்று இந்தத் துறை இருக்கிறது. இரண்டு பல்கலைக்கழகத்தின் பெயரிலும் இருப்பவர்கள் பத்திரிகை ஆசிரியர்கள் என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. பாரதி 1904-ல் 'சுதேசமித்திர'னில் சேர்ந்து, ஜி. சுப்பிரமணிய ஐயரின் கீழ் ஆங்கிலத் தந்திச் செய்திகளைத் தமிழாக்கி ஆக்கித்தான் உரைநடையைப் பழகினார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 1921 ஜூலை 31 அன்று, ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசிவிட்டுப் போய் அந்தப் பயணத்தைச் 'சுதேசமித்திர'னுக்கு எழுதியும் கொடுத்தார். அதுவரையும் அவர் நிருபராகவே இருந்திருக்கிறார்.

பல்கலைக்கழகம் வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் பத்திரிகைப் பயிற்சியே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சே.ப. நரசிம்மலு நாயுடு 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே 'சேலம் தேசாபிமானி', 'கோயமுத்தூர் கலாநிதி' என்று நடத்தி, கோவையில் அச்சகமும் வைத்திருந்தார். 1925 மே மாதம் ஈரோட்டில் 'குடி அரசு' வந்தது. பெரியாரும் வில்லியம்ஸ் மாதிரி கல்லூரிப் பக்கம் போகாதவர், பள்ளியைச் சிறுவயதிலேயே விட்டவர். 1933-ல் எழுதிய ஒரு தலையங்கத்துக்காக அவரும், பதிப்பாளராக இருந்த அவருடைய தங்கை கண்ணம்மாளும் கைதாகித் தண்டனை பெற்றார்கள். பதிப்பாளர் என்று பெயர் போட்டால் ஜெயிலுக்கும் போக வேண்டி வரும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது.

திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜி மதுவிலக்குக்காக 'விமோசனம்' என்ற மாத இதழை நடத்தினார். அதில் கூட இருந்து வேலை பார்த்தவர் கல்கி. பத்து இதழ்தான் வந்தது. அதற்கு முன் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர் அவர். எளிய மொழியில் கிராமத்து ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுதுவதை ஒரு இளைஞர் பழகிக்கொள்ள அந்த ஆசிரமத்தை விட நல்ல இடம் அந்தக் காலத்தில் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அவினாசி ரோட்டில் 'நவ இந்தியா' என்று கண்டக்டர் கூவுகிற நிறுத்தம்கூட ஒரு தமிழ் நாளிதழின் பெயரால் வந்ததுதான். 1966-ல் கோவை வானொலி வந்தது. 1969-ல் 'தி இந்து' சென்னையில் அமைத்த பக்கங்களை நகலனுப்பும் கருவி மூலம் கோவைக்கு அனுப்பி இங்கேயே அச்சடிக்கத் தொடங்கியது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையில் வேளாண் இதழியல் ஒரு பாடமாகவே இருக்கிறது. விவசாயிக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருப்பதால், அங்கிருந்து வருகிறவர்களின் பிரதியில் வீண் சொல் குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

90-களில் தனியார் தொலைக்காட்சிகள் வந்த பிறகு கலை அறிவியல் கல்லூரிகளில் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பு பரவியது. அதில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கண் சினிமா மேல். அது தப்பே இல்லை. ஆனால் நிருபராக வேண்டும் என்று வருகிற தம்பி, விஸ்காமையும் இதழியலையும் ஒன்றென்று நினைத்துச் சேர்ந்துவிடக் கூடாது. கேமராவும் எடிட்டிங்கும் நன்றாக வரும், ஒரு நீதிமன்றத் தீர்ப்பைப் படித்து நாலு வரியில் சொல்ல வராது.

இங்கே செய்திக்கா பஞ்சம்? நொய்யலில் சாயக்கழிவு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டது, அந்த மூடலில் வேலை இழந்தவர்கள், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்டுப்போன விவசாயிகள் என்று ஒரு ஆற்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு கல்லூரிக்கு மூன்று வருடப் பாடம் இருக்கிறது. நாமக்கல் முட்டை விலை எப்படி முடிவாகிறது, ஈரோடு மஞ்சள் ஏலத்தில் விலை எப்படி ஏறி இறங்குகிறது, சோமனூரில் விசைத்தறிக் கூலி எதற்காகத் திரும்பத் திரும்பப் பேச்சுவார்த்தைக்குப் போகிறது, இதையெல்லாம் மாணவர்கள் விசாரித்து எழுதலாம். சோமனூர் மாணவர் சோமனூரைப் பற்றி எழுதி, அது சோமனூரில் படிக்கப்பட வேண்டும். அச்சடிக்கக் காசில்லை என்ற சாக்கும் இப்போது செல்லாது, போனிலேயே படிக்கிற காலம் இது.

அதனால் தம்பிக்கு நான் சொல்வது, படியுங்கள், ஆனால் கல்லூரியின் கட்டடத்தையும் ஸ்டூடியோவையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். துறைக்கு நேரில் போய், மாணவர்கள் கொண்டுவரும் இதழ் எது, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, கல்லூரிக்கு வெளியே யார் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். செய்தி அறையில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். அவதூறுச் சட்டமும் நீதிமன்ற அவமதிப்பும் சொல்லித் தருகிறார்களா, 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாணவர்களை நிஜமாகவே மனுப் போட வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். முடிந்தால் பி.ஏ.வில் பொருளாதாரமோ வரலாறோ படித்துவிட்டு முதுநிலையில் இதழியலுக்கு வாருங்கள், புலிட்சர் சொன்னதில் இன்றும் அர்த்தம் இருக்கிறது. மாமா சொன்னதையும் விட வேண்டாம். விடுமுறை நாட்களில் கோபியிலேயே ஏதாவது ஒரு பத்திரிகையின் பகுதி நேர நிருபரோடு தாலுகா ஆபீஸ், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், கோர்ட் என்று சுற்றுங்கள், குறிப்பெடுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகிற அன்று இன்னொன்றும் செய்யுங்கள்: கடைசி வருட மாணவர் யாராவது ஒருவரிடம், போன மாதம் நீங்கள் எழுதி வெளிவந்த ஒரு செய்தியைக் காட்டுங்கள் என்று கேட்டு, அவர் காட்டுவதை அங்கேயே நின்று முழுசாகப் படித்துப் பாருங்கள்.